பொங்குமாங்கடலும் பிளக்ஸ் பலகையும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, இரண்டு ஊர்களின் பெருமையையும் வாடகை கொடுக்காமல் அனுபவித்துக்கொண்டிருக்கிற இலஞ்சியைச் சொந்த ஊராகக் கொண்ட ஒருவனுக்கு, முன்பின் அறியாத மனிதர்கள் கூடுகின்ற இடம் எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே உண்டு என்பது என் தாழ்மையான எண்ணம். சாரல் விழத் தொடங்கிய நாள் முதல் நாலா திசைகளிலிருந்தும் வந்து குவிகிற ஜனங்களில் பெரும்பாலோர் எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் அருவிக்குப் போகிறார்கள். முகூர்த்த நாள்களில் குமாரர் கோயில் வாசலில் இறங்குகிற கல்யாணக் கோஷ்டிகளுக்குள், எந்தக் கோஷ்டி எந்தப் பெண்ணுக்கு உரியது என்று தெரியாமல் தவித்த தவில்காரர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆகவே, சந்திப்பு என்பது எங்களுக்கு ஏட்டில் படித்த விஷயம் அல்ல. தெருவில் கண்டு தேர்ந்த விஷயம்.

அப்படியிருக்க, தொழில் செய்கிறவர்கள் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்வதற்கென்று ஒரு மண்டபத்தைப் பிடித்து, அதைத் தங்கள் ஸ்தாபனத்தின் பெயரும் முத்திரையும் வர்ணமும் விளங்கும்படி ஜோடித்து, வருகிறவர் மனம் குளிரும்படி அமைத்துக் கொடுப்பது ஒரு தனிச் சாஸ்திரமாக வளர்ந்திருக்கிறது என்றும், அந்தச் சாஸ்திரத்தில் தேர்ந்த நிபுணர்கள் அதற்கென்றே சம்பளம் வாங்குகிறார்கள் என்றும் கேள்விப்பட்டபோது எனக்கு மிகுந்த சந்தோஷம் உண்டாயிற்று. 2019 நவம்பர் 22-ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமாக ஆனதிலிருந்து எங்கள் பக்கத்தில் ஆட்சியர் அலுவலகம் முதலிய பல நன்மைகளோடு சங்கங்களும் பெருகியிருக்கின்றன. சங்கங்கள் பெருகினால் கூட்டங்கள் பெருகும், கூட்டங்கள் பெருகினால் பிளக்ஸ் பலகைகள் பெருகும் என்பது இயற்கையின் நியதி.

இந்தச் சாஸ்திரம் புதியது என்று சொல்கிறவர்கள் நடராஜப் பெருமானை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். திருவாலங்காட்டில் இரத்தின சபை, சிதம்பரத்தில் பொற்சபை, மதுரையில் வெள்ளி சபை, திருநெல்வேலியில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை என்று ஐந்து இடங்களில் ஐந்து விதமாக மண்டபம் அமைத்துக்கொண்டு, எந்த மண்டபத்தில் நுழைந்தாலும் தூக்கிய திருவடியைக் கண்ட மாத்திரத்தில் இது இன்னாருடைய இடம் என்று குழந்தையும் சொல்லும்படி செய்துவிட்ட அவரைவிடச் சின்னத்தின் மகிமையை அறிந்தவர் யார்? மதுரையில் மட்டும், ஒரே காலில் நின்றால் சுவாமிக்கு வலிக்குமே என்று பாண்டிய மன்னன் உருகிக் கேட்டுக்கொண்டதற்கு இணங்கிக் காலை மாற்றி ஆடினார் என்று புராணம் சொல்கிறது. வாடிக்கையாளரின் விருப்பத்துக்காகத் தம் சின்னத்தையே திருத்திக்கொண்ட முதலாளியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. எங்கள் குற்றாலத்துச் சித்திர சபையிலோ அவர் சுவரிலே எழுதிய ஓவியமாகவே எழுந்தருளியிருக்கிறார். பின்திரையும் பிரதம விருந்தினரும் ஒருவரே ஆகிவிட்டபடியால், விருந்தினர் தாமதமாக வந்தார் என்றோ, திரை அவரை மறைத்துவிட்டது என்றோ அங்கே யாரும் குறைப்பட முடியாது.

இத்தகைய பாரம்பரியத்தில் வந்த எங்கள் வட்டாரத்தில், வணிகர்களும் தொழில்முனைவோரும் சந்தித்துக்கொள்வதற்காக ஒரு சங்கத்தார் சாரல் காலத்தில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். எழுதுவதும் ஒரு தொழில்தான் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், அதற்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். செங்கோட்டையில் மரம் அறுக்கும் ஆலை வைத்திருப்பவர், புளியங்குடி எலுமிச்சை வியாபாரி, பாவூர்சத்திரம் காய்கறிக் கமிஷன் மண்டிக்காரர், குற்றாலத்தில் தங்கும் விடுதி நடத்துகிறவர், 2011-இல் மத்தளம்பாறைக்கு ஸோஹோ நிறுவனம் வந்த பிறகு இந்தப் பக்கத்து வயல்வெளிகளில் காணக்கிடைக்கிற கணினி இளைஞர்கள் என்று பலரும் வந்திருந்தார்கள். இவர்கள் ஒருவரோடொருவர் பத்து நிமிஷம் நிம்மதியாகப் பேசினால் மாவட்டத்தின் வியாபாரம் இரண்டு பங்காகிவிடும் என்று எனக்கே தோன்றியது. அந்தப் பத்து நிமிஷத்துக்கு இடம் கொடாதபடி மண்டபத்தை எவ்வளவு சாமர்த்தியமாக அமைத்திருந்தார்கள் என்பதைத்தான் இங்கே வர்ணிக்க விரும்புகிறேன்.

அந்த மண்டபத்தின் மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல்கள் உண்டு. அவற்றின் வழியாகத் திரிகூட மலை, முகில் மூடி, பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் காட்சி கொடுக்கும். அந்த ஜன்னல்கள் அத்தனையையும் இறுகச் சாத்தி, அவற்றின்மேல் சுவரை முழுக்க அடைக்கிற பிளக்ஸ் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதில் சங்கத்தின் முத்திரையும் நிர்வாகிகளின் சிரித்த முகங்களும் இருந்தன. முகங்களுக்குப் பின்னால், விருந்தினர் மனத்தில் குளிர்ச்சி உண்டாகவேண்டும் என்ற நல்லெண்ணத்துடன், ஓர் அருவியின் படம் அச்சிடப்பட்டிருந்தது. அது நயாகரா அருவி. நிஜமான அருவி கூப்பிடு தூரத்தில் கொட்டிக்கொண்டிருக்க, நிஜமான சாரல் ஜன்னல் கதவைத் தட்டிக்கொண்டிருக்க, அதை உள்ளே விடாமல் தடுத்து, அமெரிக்க அருவியை மாட்டி, அதற்கு எதிரே குளிர்சாதன யந்திரத்தையும் முடுக்கிவிட்டிருந்த அந்த ஏற்பாட்டைக் கண்டு நான் பிரமித்து நின்றேன். அலங்காரம் செய்தவர் மதுரைக்காரராம். அருவி என்று தேடியதும் முதலில் வந்த படத்தைப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அவர்மேல் குற்றம் இல்லை. குற்றாலத்தில் கூட்டம் கூட்டுகிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை; மண்டபத்தின் நீள அகலத்தை மட்டுமே சொல்லியிருந்தார்கள்.

வாசலில் பதிவு மேசை போட்டிருந்தது. அதற்கு முன்னால் ஆள் உயர ஸ்டாண்டிகள் இரண்டு பக்கமும் அணிவகுத்து நின்றபடியால், உள்ளே போகிறவர் ஒருக்களித்துத்தான் போகவேண்டியிருந்தது. சற்றுப் பருத்த சரீரம் உடைய பிரமுகர் ஒருவர் பிரவேசித்தபோது நிர்வாகிகளில் இருவர், காகித வடிவில்தான், தலைகுப்புற விழுந்தார்கள். பதிவு செய்தவுடன் பெயர் எழுதிய அட்டையை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டினார்கள். அட்டையின் முன்பக்கத்தில் சங்கத்தின் முத்திரை பெரிதாகவும், மாட்டியிருப்பவர் பெயர் எறும்பு ஊர்ந்த அளவிலும் அச்சாகியிருந்தன. பின்பக்கம் முழுவதும், அட்டைக்கு உபயதாரரான சிமெண்டுக் கம்பெனியின் விளம்பரம். ஒற்றை நாடாவில் தொங்குகிற எந்த அட்டையும் விளம்பரப் பக்கத்தைத்தான் உலகத்துக்குக் காட்டும் என்பது பௌதிக சாஸ்திரத்தில் இன்னும் எழுதப்படாத விதி. ஆகவே, அன்று மண்டபத்தில் நான் சந்தித்த அனைவரும் சிமெண்டு என்றே பெயர் பெற்றிருந்தார்கள். ஒரு சிமெண்டு மற்றொரு சிமெண்டைப் பார்த்துப் புன்னகை செய்வதும், பெயரைப் படிப்பதற்காக அதன் மார்பருகே குனிவதும், அது திடுக்கிட்டு விலகுவதுமாகச் சிறிது நேரம் கழிந்தது.

உள்ளே, நாற்காலிகளை ஒன்றோடொன்று பிளாஸ்டிக் கயிற்றால் பிணைத்து வரிசை வரிசையாகப் போட்டு, எல்லோரும் மேடையையே நோக்கும்படி செய்திருந்தார்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசக் கழுத்தைத் திருப்பலாம்; பின்னால் இருப்பவரோடு பேச வேண்டுமானால் யோகாசனம் பயின்றிருக்க வேண்டும். பேசினாலும் கேட்பதற்கு வழி இல்லை: உற்சாகம் ஊட்டுவதற்காக நான்கு மூலைகளிலும் ஒலிபெருக்கி வைத்து வாத்திய சங்கீதம் பொழிந்துகொண்டிருந்தது. எலுமிச்சை வியாபாரி என் காதருகே வந்து, “அண்ணாச்சி, நமக்கு என்ன ஏவாரம்?” என்று விசாரித்தார். “எழுதுறேன்” என்றேன். “எழுவதா? பெட்டி எழுவதா, கிலோ எழுவதா?” என்று அவர் கேட்டார். மரியாதையுடன் ஒரு புன்னகையைப் பதிலாகக் கொடுத்தேன். அவரும் விசிட்டிங் கார்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு அமர்ந்துவிட்டார். பிறகு குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, வரவேற்புரை என்று சம்பிரதாயங்கள் நிறைவேறின. வருகை தந்த ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி ஒரு நிமிஷம் பேசலாம் என்று அறிவித்திருந்தார்கள்; ஆனால் நிமிஷம் என்பதற்கு நிர்வாகிகள் கொண்டிருந்த அளவும் நாம் கொண்டிருக்கும் அளவும் வேறாக இருந்தபடியால், முதல் வரிசையோடு அது நின்றுபோயிற்று.

அன்றைக்கு நடந்த உண்மையான சந்திப்பு எங்கே நடந்தது என்றால், மண்டபத்தின் பக்கவாட்டில் ஓடு வேய்ந்த ஒரு தாழ்வாரத்தில். சமையல்காரர் உள்ளே இடம் போதாமல் காப்பி டிரம்மை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டார். அங்கே பிளக்ஸ் இல்லை; ஒலிபெருக்கி இல்லை; நாற்காலியும் இல்லாததால், கட்டைச் சுவரில் சாய்ந்துகொண்டும், சாரல் படாமல் ஒதுங்கி நெருங்கியும் நிற்கவேண்டியிருந்தது. “சாரல் அடிக்கு, உள்ள தள்ளி நில்லுங்க” என்று மரஆலைக்காரர் மண்டிக்காரரிடம் சொன்னதில் பேச்சு ஆரம்பித்தது. காய்கறிக்கு மரப்பெட்டி, மரப்பெட்டிக்கு லாரி, லாரிக்கு வாடகை என்று அது படிப்படியாக வளர்ந்தது. கணினி இளைஞர் ஒருவர், லாரிகள் திரும்பி வருகையில் காலியாக வராமல் இருக்கக் கைபேசியிலேயே ஒரு வழி செய்யலாம் என்று ஆரம்பித்து, கையிலிருந்த காப்பி ஆறிப்போவதையும் கவனியாமல் விளக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் நிர்வாகி ஒருவர் பதைபதைத்து ஓடிவந்து, “எல்லாரும் உள்ள வாங்க, நெட்வொர்க்கிங் ஆரம்பிக்கப்போறோம்” என்று எங்களைக் கலைத்து உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

அந்தத் தாழ்வாரம் செய்த வேலை என்ன என்று யோசித்தபோதுதான் எனக்குப் பேரருவியின் ரகசியம் விளங்கியது. குற்றாலத்துப் பேரருவி ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அந்த உயரத்திலிருந்து நேரே விழுந்தால் அடியில் தலையை நீட்டுகிறவன் தலையோடு திரும்ப மாட்டான். ஆனால் இடையிலே பாறையைக் குடைந்து 19 மீட்டர் ஆழத்துக்கு அமைந்திருக்கிறது பொங்குமாங்கடல். தண்ணீர் முதலில் அதற்குள் விழுந்து, சுழன்று, பொங்கி, தன் வேகத்தை அங்கே கழித்துவிட்டுப் பிறகு வழிந்து கீழே வருகிறது. அதனால்தான் குழந்தைகளும் கிழவர்களும்கூட அருவியில் நிற்க முடிகிறது. கூட்டத்துக்கு வருகிற மனிதனும் அப்படியே ஒரு வேகத்தோடு வருகிறான்: சிலர் கூச்சத்தின் வேகத்தோடு, சிலர் தம் பெருமையின் வேகத்தோடு, சிலர் எப்படியாவது சரக்கைத் தலையில் கட்டிவிடவேண்டும் என்ற வேகத்தோடு. அந்த வேகம் தணிவதற்கு வாசலுக்கும் மேடைக்கும் நடுவே ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை அமைக்கத் தெரிந்தவனே மண்டபம் அமைக்கத் தெரிந்தவன். மற்றவர்கள் எல்லாம் துணி கட்டுகிறவர்கள்.

இந்த ரகசியத்தை அறிந்த ஒரு பெரியவர் எங்கள் சீமையிலேயே வாழ்ந்திருக்கிறார். தென்காசிக் குடும்பத்தில் தோன்றி, சட்டம் படித்தும் வக்கீல் தொழிலில் அதிகம் மனம் செலுத்தாமல், கம்பனிலேயே மனம் செலுத்திய ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், 1920-களில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் தம் வீட்டு முற்றத்தில் வட்டமாக அமைந்திருந்த தொட்டிக்கட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்களைக் கூட்டிவைத்தார். வட்டத்தில் முதல் வரிசை கிடையாது. கடைசி வரிசையும் கிடையாது. ஆகவே பிரமுகர்கள் முன்னால் வந்து அமரும்படி கேட்டுக்கொள்ளப்படவும் இல்லை. நீதித்துறையில் புகழ் பெற்ற எஸ். மகராஜன், அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே கோயில் கோயிலாகச் சென்று எழுதிய பாஸ்கரத் தொண்டைமான், ஆங்கிலப் பேராசிரியரான அ. சீனிவாசராகவன் என்று வெவ்வேறு தொழிலைச் சேர்ந்தவர்கள் அவர் நட்பால் பிணைக்கப்பட்டார்கள். பிற்காலத்தில் அவர் குற்றாலத்துக்கே வந்து குடியேறினார். 1954-இல் அவர் மறைகிற வரையில் அங்கே அவர் வீட்டுக்கு ராஜாஜி வந்தார், கல்கி வந்தார், இடைசெவல் கரிசல் காட்டிலிருந்து கி. ராஜநாராயணன் வந்தார். அரசியல் தலைவரும் பத்திரிகாசிரியரும் விவசாயியும் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒரே பாட்டைக் கேட்டுத் தலையசைத்தார்கள் என்றால், அதைவிடப் பெரிய தொழில்முறைச் சந்திப்பு எந்த நட்சத்திர ஹோட்டலில் நடந்துவிடும்? அங்கே முத்திரை பதித்த நாடா இல்லை. வரவேற்பு ஸ்டாண்டி இல்லை. கட்டட அமைப்பே குழுவுக்கு ‘வட்டத்தொட்டி’ என்று பெயர் கொடுத்துவிட்டது; ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகும் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. நயாகரா பிளக்ஸோ, கூட்டம் முடிந்த மறுநாள் பக்கத்து மாட்டுத் தொழுவத்துக்குக் கூரையாகப் போய்விட்டது. அதுவும் ஒரு சேவைதான்.

வெளிநாட்டாரும் இந்த விஷயத்தில் நமக்கு விரோதிகள் அல்லர். 1905-இல் சிக்காகோ நகரத்தில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல், தாம் வளர்ந்த சிற்றூரில் கண்ட சிநேகபாவம் அந்தப் பெரிய பட்டணத்தில் கிடைக்கவில்லையே என்று ஏங்கி, வெவ்வேறு தொழில் செய்த மூன்று நண்பர்களோடு ரோட்டரி சங்கத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அவர்கள் அங்கத்தினர்களின் அலுவலகங்களிலேயே முறை வைத்துக் கூடினார்கள். சிற்றூரின் அன்பைப் பட்டணத்துக்குக் கொண்டுபோக அவர் பாடுபட்டார். பட்டணத்தின் அந்நியத்தைச் சிற்றூருக்குக் கொண்டுவர நாம் கடன் வாங்கிச் செலவழிக்கிறோம். அதற்கும் முன்னால், 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவர் ஒரு காப்பிக் கடை வைத்திருந்தார். கப்பல் முதலாளிகளும் மாலுமிகளும் வணிகர்களும் அங்கே வந்து காப்பி குடித்தார்கள். அவர் நல்ல காப்பியோடு கப்பல்களைப் பற்றிய செய்திகளையும் கொடுத்தார். வந்தவர்கள் பேசிப் பேசி, அவர் காலத்துக்குப் பிறகும் கூடிக் கூடி, அது உலகப் பிரசித்தி பெற்ற இன்ஷூரன்ஸ் சந்தையாக வளர்ந்தது. இன்றைக்கும் அந்த ஸ்தாபனத்தின் சீருடைச் சேவகர்களுக்குக் காப்பிக் கடைப் பரிசாரகர் என்ற பழைய பெயரே வழங்குகிறது. லாயிட் தம் பெயரைச் சுவர் முழுவதும் எழுதியதாகச் சரித்திரம் சொல்லவில்லை; பெஞ்சியையும் காப்பியையும் கவனித்துக்கொண்டார்; பெயர் தானாகவே தன்னைக் கவனித்துக்கொண்டது.

இவ்வளவு தூரம் லண்டனுக்குப் போகவேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. நம் கல்யாண வீட்டு வாசலைப் பாருங்கள். வாழை மரமும் மாவிலைத் தோரணமும் இங்கேதான் என்று தூரத்திலேயே சொல்லிவிடுகின்றன. வாசலில் நிற்கும் ஒரு சிறுமி பன்னீர்ச் செம்பைச் சாய்த்துத் தெளிக்கிறாள். சந்தனம், குங்குமம், கற்கண்டு நீட்டப்படுகின்றன. வந்தவர் சந்தனத்தைத் தொட்டு, கற்கண்டை வாயில் போட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் அந்த அரை நிமிஷத்தில் அவருடைய வேகம் தணிந்துவிடுகிறது, அதற்குள் பெண்வீட்டுப் பெரியப்பா, “வாங்க, வாங்க, ஆலங்குளத்துல இருந்து எப்பம் புறப்பட்டீய?” என்று கையைப் பிடித்து அழைத்துப்போய், தம் வயதொத்த ஒருவரின் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறார். நிபுணர்கள் இன்று சம்பளம் வாங்கிக்கொண்டு வகுக்கிற திட்டத்தில், அந்தப் பெரியப்பா செய்யாதது எதுவும் இல்லை. அவர் சம்பளம் வாங்கியதுதான் இல்லை.

ஆகவே, இனிமேல் எங்கள் பக்கத்தில் கூட்டம் கூட்டப்போகிற சங்கத்தாருக்கு நான் சொல்லிக்கொள்வது இவ்வளவுதான். முத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசலில் ஒன்று, மேடையில் ஒன்று போதும். நடராஜப் பெருமானே ஒரு சபைக்கு ஓர் உருவத்தோடு திருப்தி அடைந்திருக்கிறார். பெயர் அட்டையில் உங்கள் பெயரைச் சிறிதாகவும் வந்தவர் பெயரைத் தமிழில் பெரிதாகவும், இரண்டு பக்கமும் அச்சிடுங்கள். காப்பியை வாசலில் வைத்து வழியை அடைக்காமல், நாலு அடி நடந்து எட்டும்படி உள்ளே தள்ளி வையுங்கள். நாற்காலிகளின் கயிற்றை அவிழ்த்து வட்டம் வட்டமாகப் போடுங்கள். சங்கீதத்தை நிறுத்திவிடுங்கள், வியாபாரிகளின் பேச்சே ஒரு சங்கீதம். வாசலில் இரண்டு ஸ்டாண்டிகளை நிறுத்துகிற செலவில், ஊரில் நாலு பேரைத் தெரிந்த ஒரு பெரியப்பாவை நிறுத்துங்கள். எல்லாவற்றுக்கும் முதலாக, மேற்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள்: எங்கள் சாரல் வருஷத்தில் சில மாதங்களே வருகிறது, அதற்கு அனுமதிச் சீட்டும் இல்லை, அச்சுக் கூலியும் இல்லை.